கார் கூரையில் டென்ட்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

போன பாக்ஸிங் டே (டிசம்பர் 26) தள்ளுபடியில் 2,400 ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து ஒரு ரூஃப்டாப் டென்ட் வாங்கினேன். மேலே அலுமினிய மூடி, இரண்டு கொக்கியைத் தட்டினால் தானாக எழுந்து நிற்கும், வீடியோவில் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. எடை 78 கிலோ. லாரிக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போன பிறகுதான் காரின் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். கூரை தாங்குவது 80 கிலோ, டென்ட்டைப் பொருத்தக் கூரையில் மாட்டும் ரேக்கின் எடையும் அதற்குள்ளேயே அடக்கம் என்று போட்டிருந்தது. ரேக் 7 கிலோ. மீதி 73. ஐந்து கிலோ அதிகம். திருப்பி அனுப்பியதில் 15 சதவீதப் பிடித்தம் 360 டாலர், லாரிக் கூலி 180 டாலர், ஆக 540 டாலர் போயிற்று. அந்த டென்ட்டில் ஒரு இரவுகூடப் படுக்கவில்லை.

அப்புறம் 54 கிலோவில் வேறொன்று வாங்கி, நானும் மனைவியும் ஆறு வயது மகளும் ஏழெட்டு முறை போய் வந்துவிட்டோம். மெல்பர்னுக்குப் புதிதாக வரும் நண்பர்கள் எல்லாரும் இதையே கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். முகாம் விதிகள் மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்கானவை. கூரைக் கணக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

1. உங்களுக்கு இது வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

தரையில் போடும் குடும்ப டென்ட் 200, 300 டாலருக்கே நல்லதாகக் கிடைக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை போகிறவர் என்றால் அதுவே போதும், மீதிப் பணத்துக்குப் பெட்ரோல் போடலாம். ரூஃப்டாப் டென்ட்டின் சுகம், இருட்டில் போய்ச் சேர்ந்தாலும் பத்து நிமிடத்தில் படுக்கை தயார், கீழே சேறும் கல்லும் இருந்தாலும் கவலை இல்லை. தொல்லை என்னவென்றால், காலையில் பால் வாங்கக் காரை எடுக்க வேண்டுமானால் மொத்த வீட்டையும் மடித்துக் கட்டிவிட்டுத்தான் எடுக்க முடியும். பக்கத்து ஊருக்கு அடிக்கடி ஓடுகிற குடும்பமாக இருந்தால் இரண்டாம் நாளே வெறுத்துவிடும்.

ஏணியும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போக இரண்டு மீட்டர் ஏணியில் இறங்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அந்த ஏணியை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் முன் சீட்டிலேயே படுத்துக்கறேன், நீங்க ஏறுங்க" என்றுவிட்டார். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், நான்கு வயதுக்குக் கீழ் குழந்தைகள் கூட வருவார்கள் என்றால் தரை டென்ட்டே மேல்.

2. கூரைக் கணக்கு

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

கார் கூரைக்கு இரண்டு எண்கள் உண்டு. கார் ஓடும்போது தாங்கும் எடை ஒன்று, நிற்கும்போது தாங்கும் எடை இன்னொன்று. ஓடும்போது வளைவிலும் பிரேக்கிலும் பள்ளத்திலும் அந்த எடை கூரையைப் பிடித்து இழுக்கும் என்பதால் முதல் எண் சிறியது. நிற்கும்போது அந்த இழுப்பு இல்லை, ஆகவே இரண்டாவது பெரியது. உதாரணத்துக்கு, இப்போது வரும் ஃபோர்டு ரேஞ்சருக்கு ஓடும்போது 85 கிலோ, நிற்கும்போது 350 கிலோ என்று நிறுவனமே சொல்கிறது. சுஸுகி ஜிம்னி பார்க்க ஜம்மென்று இருக்கும், காட்டுக்கென்றே செய்தது போல, ஆனால் அதன் கூரைக்கு 30 கிலோதான். ரேக் போட்டதுமே அதிலும் ஒரு பங்கு போய்விடும்.

டென்ட் வாங்கும்போது பார்க்க வேண்டியது ஓடும்போது தாங்கும் எண்ணை. கடைக்காரர்கள் "இரண்டு பேர் தாராளமாப் படுக்கலாம், 300 கிலோ தாங்கும்" என்று சொல்வது நின்றபிறகு டென்ட்டின் தரை தாங்கும் எடையை. உங்கள் கூரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் ஏமாந்தது இதில்தான்.

கணக்கு போடும் விதம் இது. கார் கையேட்டில் கூரை எடை என்ன என்று பாருங்கள் (கையேடு தொலைந்திருந்தால் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல், வருடம் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும், இல்லையென்றால் டீலரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சாக வேண்டாம்). அதிலிருந்து ரேக்கின் எடையைக் கழியுங்கள். அடுத்து, ரேக்கின் கிராஸ்பார்களுக்கு (கூரைக்குக் குறுக்கே போகும் கம்பிகள்) தனியாக ஒரு எண் உண்டு, ஸ்டிக்கரிலோ பெட்டியிலோ இருக்கும். என்னுடையது 75. இப்போது உங்கள் கையில் இரண்டு எண்கள்: எனக்கு 73, 75. சிறியது எதுவோ அதுதான் உங்கள் எல்லை. டென்ட், மெத்தை, ஏணி, அதற்குள்ளேயே வைத்து மடிக்கும் போர்வை தலையணை எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். விளம்பரத்தில் போடும் எடை சில சமயம் ஏணி இல்லாத எடை. ஏணி மட்டும் ஆறேழு கிலோ இருக்கும். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மண்பாதை ஆசை இருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. குலுங்கும் பாதைக்கு பார்களின் எண்ணை 1.5 ஆல் வகுக்கச் சொல்லும் ரேக் நிறுவனங்கள் இருக்கின்றன. 75ஐ வகுத்தால் 50. என் டென்ட் 54. அதனால் முகாம் தளத்துக்குள் கடைசி நூறு மீட்டர் ஊர்ந்து போவதோடு சரி, மற்றபடி நான் தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை. இது டென்ட் வாங்கிய பிறகு எனக்குத் தெரிய வந்தது, அதற்குள் இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

நிற்கும்போது தாங்கும் எண்ணைப் பல கார் நிறுவனங்கள் வெளியிடுவதே இல்லை. மூன்று மடங்கு தாங்கும், ஐந்து மடங்கு தாங்கும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், அதை நம்பிக் குடும்பத்தை மேலே ஏற்றாதீர்கள். டீலரிடம் எழுத்தில் கேளுங்கள், டென்ட் விற்பவரிடமும் உங்கள் கார் மாடலைச் சொல்லிப் பொருத்தம் கேளுங்கள். கண்ணாடிக் கூரை உள்ள கார்களில் டென்ட்டே போடக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

3. துணியா, ஓடா?

துணி மூடி உள்ளது சாஃப்ட் ஷெல். புத்தகம் போலப் பாதியாக மடிந்திருக்கும், விரித்தால் பாதித் தரை காரின் மேலும் பாதி வெளியே ஏணியின் மேலும் நிற்கும். எடை 45 முதல் 60 கிலோ. அகலம் கூடுதலாகக் கிடைக்கும், குழந்தையோடு படுக்க இதுதான் வசதி. விரிக்கப் பத்து நிமிடம், மடிக்க இருபது நிமிடம், மடிக்கும்போது கொஞ்சம் கெட்ட வார்த்தை.

ஓடு போட்டது ஹார்ட் ஷெல். ஒரு பக்கம் மட்டும் ஆப்பு போல எழும் வகையும், நான்கு பக்கமும் நேராக எழும் வகையும் உண்டு. 60 கிலோவுக்குக் கீழே அரிது, 80க்கு மேலும் போகும். திறக்க இரண்டு நிமிடம். ஆனால் காரின் கூரை அளவுக்குள்ளேயே படுக்கை அடங்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான் இடம். நடுத்தர எஸ்யூவி, ஒரு குழந்தை என்றால் என் ஓட்டு சாஃப்ட் ஷெல்லுக்கு. தம்பதி மட்டும், கூரையும் தாங்கும், பணமும் இருக்கிறது என்றால் ஓடு.

"மூன்று பேருக்கானது" என்று போட்டிருந்தால் இரண்டு பெரியவர், ஒரு சிறு குழந்தை என்று படியுங்கள். மூன்று பேர் உடம்பு ஒட்டாமல் படுக்க அகலம் 180 சென்டிமீட்டராவது வேண்டும், அது எடையைக் கூட்டும், திரும்பவும் இரண்டாம் பகுதிக்குப் போய்விடுவீர்கள்.

4. துணியும் மெத்தையும்

பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கேன்வாஸ் 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) அளவில் இருந்தால் நல்லது. முழு பாலியெஸ்டர் மலிவு, ஆனால் மூன்று பேர் மூச்சு விட்டால் விடியற்காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்து முகத்தில் சொட்டும். எந்தத் துணியானாலும் இருபுறமும் ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைத்துத் தூங்குங்கள், குளிர்காலத்திலும்கூட. மெத்தை 6 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, அதற்கு அடியில் காற்றோடும் வலைப்பாய் ஒன்று போட வேண்டும். இல்லாவிட்டால் மெத்தையின் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். 60 டாலருக்குக் கிடைத்த அந்தப் பாயை முதலில் வேண்டாம் என்று விட்டேன், மூன்றாவது பயணத்துக்குப் பிறகு வாங்கினேன்.

5. செலவு, வாங்கும் நேரம்

நான் தேடியபோது சாஃப்ட் ஷெல் 1,000 டாலரில் தொடங்கி 2,500 வரை, ஹார்ட் ஷெல் 2,000லிருந்து 5,000ஐத் தாண்டியும் இருந்தன. ஆனால் டென்ட்டின் விலை மட்டும் செலவு அல்ல. எனக்கு ஆனது இது: டென்ட் 1,350, ரேக்கும் பார்களும் 480, வீட்டுக்குக் கொண்டுவரக் கூலி 120, வலைப்பாய் 60, திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு நட்டுகள் 45. மொத்தம் 2,055. ரேக்கையும் டென்ட்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் ரேக், அதை மாட்டி இரண்டு பாருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொண்டு, அந்தத் தூரத்தை டென்ட் கம்பெனி ஏற்கிறதா என்று கேட்ட பிறகு டென்ட்.

பெட்ரோலும் கூடும். காற்றை எதிர்த்துக்கொண்டு ஓடுவதால் என் காரில் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கிறது.

தள்ளுபடிக்கு ஜூன் மாத நிதியாண்டுக் கணக்கு முடிப்பு விற்பனை, நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே, பாக்ஸிங் டே மூன்றும் நல்ல நேரம். ஆனால் கோடை விடுமுறைக்கு வேண்டும் என்றால் பாக்ஸிங் டேக்குக் காத்திருக்காதீர்கள், எனக்கு வந்து சேரவே மூன்று வாரம் ஆனது, அதற்குள் பாதி ஜனவரி போய்விட்டது. பழையது வாங்குவதானால் ஜூலை, ஆகஸ்ட் குளிரில் தேடுங்கள். "இரண்டே தடவைதான் பயன்படுத்தினோம்" என்ற விளம்பரங்கள் அப்போது நிறைய வரும், பெரும்பாலும் உண்மையும்கூட. போகும்போது விற்பவரை முழுதாக விரிக்கச் சொல்லி, மெத்தையைத் தூக்கி அடியில் முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால் விலை எவ்வளவு குறைவானாலும் கிளம்பி வந்துவிடுங்கள், அது போகவே போகாது.

6. பணம் கட்டும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பில்லில் மாடல் பெயரும் எடையும் இருக்கட்டும். எடை பில்லில் வராது என்றால் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். "ஏணி, மெத்தை, பொருத்தும் கம்பிகளோடு சேர்த்து மொத்த எடை எவ்வளவு?" என்ற ஒரு வரிக் கேள்வி போதும். எழுதிக் கொடுத்ததும் வந்த பொருளும் வேறு வேறாக இருந்தால் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம். பொருளில் குறை இருந்தாலும் அப்படியே. ஆனால் நாமே பார்க்காமல் வாங்கிவிட்டு மனம் மாறினால் பணம் திரும்பக் கேட்கச் சட்டப்படி உரிமை இல்லை, கடையின் தயவுதான். என் 540 டாலர் கதை அந்த வகை. ஆகவே திருப்பித் தரும் விதி என்ன, எத்தனை நாள், லாரிக் கூலி யாருடையது என்பதை வாங்கும் முன்பே படியுங்கள்.

அடுத்தது காப்பீடு. புதிதாக வந்தவர்கள் பலர், ரெகோ (காரின் பதிவுக் கட்டணம்) கட்டினாலே இன்ஷூரன்ஸ் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். விக்டோரியாவில் ரெகோவோடு சேர்ந்து வருவது விபத்தில் ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும். உங்கள் காருக்கோ, நீங்கள் இடித்த காருக்கோ அதில் ஒரு சல்லிக்காசு வராது. தனியாக காம்ப்ரிஹென்ஸிவ் பாலிசி (உங்கள் காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது) இருந்தாலும், ரேக்கும் டென்ட்டும் காரோடு சேர்ந்த துணைப்பொருள் என்று நீங்கள் தெரிவித்திருந்தால்தான் பேச்சே. நான் போனில் சொல்லி, அப்புறம் மின்னஞ்சலிலும் அனுப்பி, திருத்திய பாலிசியை வாங்கி வைத்தேன். வருடத்துக்கு 38 டாலர் கூடியது. கூரை எல்லையை மீறி ஏற்றியிருந்து விபத்தானால் கோரிக்கையை நிராகரிக்க அது ஒரு காரணமாகலாம். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

7. பொருத்தும் நாள்

நான்கு பேர் வேண்டும். இரண்டு பேரால் தூக்க முடியும் என்று வீடியோவில் காட்டுவார்கள், அவர்கள் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். பிரியாணி போடுகிறேன் என்று சொல்லி மூன்று நண்பர்களை வரவழைத்தேன். காரின் பெயின்ட்டில் உரசாமல் இருக்க ஓரத்தில் பழைய போர்வையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏணி எந்தப் பக்கம் என்பதை ஏற்றுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும். போக்குவரத்துப் பக்கம் இறங்காமல் இருக்க நான் இடது பக்கம் வைத்தேன்.

போல்ட்டுகளை முறுக்கியதோடு வேலை முடியவில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். என்னுடையதில் இரண்டு தளர்ந்திருந்தன. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஸ்பேனரோடு ஒரு சுற்று.

8. உயரத்தை அளந்து எழுதி ஒட்டுங்கள்

என் கார் 1.69 மீட்டர். பார் 10 சென்டிமீட்டர், மடித்த டென்ட் 32. கூட்டினால் 2.11. பொருத்திய இரண்டாம் வாரம் இதை மறந்துவிட்டு ஒரு கடைவளாகத்தின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்துக்குள் நுழைந்தேன். 2.1 என்று எழுதித் தொங்கவிட்டிருந்த கம்பி டென்ட்டின் தலையில் தட்டென்று அடித்தது. பின்னால் ஏழெட்டுக் கார்கள், ஒவ்வொருவராகப் பின்வாங்க வேண்டியதாயிற்று. உறையில் ஒரு சிராய்ப்பு, எனக்கு வாழ்நாள் அவமானம். ஸ்டியரிங் பக்கத்தில் "2.11" என்று ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டு கராஜ் கதவும் பல வீடுகளில் 2.1 மீட்டர்தான், வாடகை வீடு என்றால் அதையும் அளந்துவிடுங்கள்.

9. முதல் இரவு வீட்டு முற்றத்தில்

கேன்வாஸ் டென்ட்டைப் புதிதாக நேராக மழைக்குக் கொண்டுபோகாதீர்கள். விரித்து வைத்து ஹோஸால் நன்றாக நனைத்து, முழுதாகக் காய விட்டு, இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நூல் ஊறி உப்பித் தையல் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு இரவு அங்கேயே படுத்துப் பாருங்கள். மகளுக்கு அது பெரிய திருவிழாவாக இருந்தது. எனக்கு, இருட்டில் ஜிப் எங்கே இருக்கிறது என்று பழகியது.

10. இடம் பிடிப்பது

பூங்கா முகாம்களைப் பார்க்ஸ் விக்டோரியா தளத்தில் முன்பதிவு செய்யலாம். இதில் ஒரு பொறி உண்டு. சில தளங்களில் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கூடாரத்தைச் சுமந்து நடக்க வேண்டும், தளத்தைச் சுற்றிக் கட்டை நட்டிருப்பார்கள். நம்முடையது காரின் தலையில் அல்லவா இருக்கிறது! "வாக்-இன்" என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். வில்சன்ஸ் ப்ராமொன்டரியில் டைடல் ரிவர் முகாமுக்குக் கார் போகும், அதே பூங்காவில் ஸீலர்ஸ் கோவுக்குக் கால்நடையாகவோ படகிலோதான் போக முடியும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களுக்கு மாதக் கணக்கில் முன்பே பாருங்கள். முதல் பயணத்துக்கு கிராம்பியன்ஸ் மலையடியில் இருக்கும் ஹால்ஸ் கேப் ஊர்ப் பக்கம் ஏதாவது கேரவன் பார்க் போதும், கழிவறையும் வெந்நீரும் இருந்தால் வீட்டில் முணுமுணுப்பு வராது.

தெருவோரத்திலோ கடற்கரைக் கார் நிறுத்தத்திலோ விரித்துப் படுத்தால் கவுன்சில் அபராதம் வரலாம். காரின் மேல்தானே படுத்திருக்கிறேன் என்ற வாதம் எடுபடாது.

பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில், முக்கியமாக ஆற்றோர ரெட் கம் மரங்களின் கீழே நிறுத்தாதீர்கள். காற்றே இல்லாத கோடை நாளிலும் பெரிய கிளையை அப்படியே போட்டுவிடும். கார் சமமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் ராத்திரி முழுக்க எல்லாரும் ஒரு மூலைக்கு உருண்டு வந்துவிடுவீர்கள். ஆப்பு வகை டென்ட்டானால் தாழ்ந்த பக்கத்தைக் காற்றடிக்கும் திசைக்குக் காட்டி நிறுத்துங்கள். கோடையில் கிளம்பும் முன்பும் காலையிலும் அன்றைக்கு டோட்டல் ஃபயர் பேன் (திறந்த வெளியில் நெருப்பு மூட்டத் தடை) உண்டா என்று பாருங்கள், இருந்தால் விறகு அடுப்பு கூடவே கூடாது. டென்ட்டுக்குள் எந்த நாளும் அடுப்போ கணப்போ வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

11. ஈரத்தோடு மடித்தால்

மழையில் மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால் வீடு சேர்ந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளாவது, விரித்துக் காய வைத்தே ஆக வேண்டும். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல், கீழ்த்தள நிறுத்தத்தில் உயரம் பத்தாது, தெருவில் விரிக்க முடியாது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பூங்காவின் கார் நிறுத்தம் இருக்கிறது, திங்கள் சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்ததும் அங்கே போய் விரித்து, பிளாஸ்கில் காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை பள்ளிக்கூட வேலை என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன், திறந்தபோது ஜன்னல் மடிப்பில் கரும்புள்ளிகள். வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்ததில் வாடை போனது, புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. மே மாதம் முடிந்ததும் டென்ட்டை இறக்கி, அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்து, கராஜ் சுவர் ஓரமாகத் தரையைத் தொடாமல் வைக்கிறேன். அதற்கும் நான்கு பேர் வேண்டும், இன்னொரு பிரியாணி.